பேய்க்கதை படித்தால் என்ன?



பாலிக் புலாவிலிருந்து மலைச்சாலையைச் சுற்றிக்கொண்டு நான் ஜோர்ஜ்டவுன் சென்றது மகளுக்குக் கணிதப் பயிற்சி நூல் வாங்குவதற்காகத்தான். சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பொழுதுபோக்காகக் கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் ஆங்கிலத்தில் எழுதி 2020-இல் வெளிவந்த 'தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்' என்னும் இளையோர் நாவல். பேய்க்கதை என்று தெரிந்ததும் திரும்ப வைக்கத்தான் நினைத்தேன். மழை விடவில்லை, படித்தேன். பயிற்சி நூலை மறந்துவிட்டு இதனை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்!

சூனியக்காரப் பாட்டி இறந்தபின், அவளிடம் இருந்த பெலசிட் பேத்தி சுராயாவிடம் வந்து சேர்கிறது. பெலசிட் என்பது மலாய்க்காரர் வழக்கில் வெட்டுக்கிளி உருவில் வரும் ஏவல் ஆவி. தனிமையில் வாடும் சிறுமி அதற்குப் 'பிங்க்' என்று பெயரிட்டுத் தோழனாக்கிக்கொள்கிறாள். அவளைத் துன்புறுத்துவோரை அது பழிவாங்குகிறது. புதிய பள்ளியில் ஜிங் வெய் என்னும் தோழி கிடைத்ததும் ஆவிக்குப் பொறாமை மூள்கிறது. பாசமே கொடுமையாக மாறுகிறது. அந்த ஆவி எங்கிருந்து வந்தது என்னும் மர்மம் நம்மை இறுதிவரை இழுத்துச் செல்கிறது. அம்முடிச்சை இங்கு அவிழ்க்கமாட்டேன். பகடிவதையைப் பற்றிச் சபைகூடலில் நான் ஆற்றிய உரைகளையெல்லாம் சேர்த்தாலும் இந்நூலுக்கு ஈடாகா.

படித்து முடித்த இரவு, பள்ளியில் என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடமிருந்து நான் பறிமுதல் செய்த மலாய்ப் பேய்க்கதைப் புத்தகம். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று வகுப்பின் முன் கடிந்துகொண்டேன். நிலாம் வாசிப்புப் பதிவில் அதனை எழுதக்கூடாது என்றும் சொன்னேன். வாசிப்பில் பின்தங்கிய அம்மாணவன் யாரும் சொல்லாமல் தானாக எடுத்துப் படித்த ஒரே புத்தகம் அதுதான். அப்பொழுது எனக்கு அது உறைக்கவே இல்லை.

பிள்ளைகள் அஞ்சுவார்கள், இரவில் உறங்கமாட்டார்கள் என்று பெற்றோர் சொல்வது புரிகிறது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதனைக் கொடுக்குமாறு நானும் சொல்லவில்லை. ஆனால், பேய் தமிழுக்கு அந்நியமா? காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிப் பாடினார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டுத்தானே நாமும் வளர்ந்தோம்? பிறகு ஏன் நம் பள்ளி நூலக அடுக்குகளில் நன்னெறிக் கதைகளே நிறைந்து கிடக்கின்றன? முதல் பக்கத்திலேயே நீதி தெரிந்துவிடும் கதையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதற்காகப் புரட்ட வேண்டும்? தமிழில் கிடைக்காததை அவன் மலாயிலும் ஆங்கிலத்திலும் தேடிக்கொள்கிறான். பிறகு தமிழ் வாசிப்பு குறைந்துவிட்டதென்று கூட்டம் போட்டுப் புலம்புகிறோம்!

மறுநாளே அம்மாணவனிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். கூடவே, தமிழில் உள்ள வேதாளக் கதைகள் நூல் ஒன்றையும் கொடுத்தேன். மூன்றே நாளில் முடித்துவிட்டு வந்து நின்றான்.

"டீச்சர், நம்ம பினாங்குல நடக்கிற மாதிரி பேய்க்கதை தமிழ்ல இல்லையா?"

தேடிக்கொண்டிருக்கிறேன். அறிந்த அன்பர்கள் தெரிவித்தால் வாங்கிக் கொடுப்பேன். எழுத வல்ல ஆசிரியர் எவரேனும் இருந்தால், இன்னும் நல்லது.