எல்லவில் அறை தேடும் அன்பர்களுக்கு

டிசம்பர் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் ஒரே கேள்வி வந்துசேர்கிறது: எல்லவில் நல்ல விடுதி எது? ஒன்பது வளைவுப் பாலம் அறையின் சாளரத்திலிருந்தே தெரியுமா? கேட்பவர்களுள் பெரும்பாலோர் நம்மவர்கள். ஊருக்கு வருகிறார்கள், யாழ்ப்பாணத்தில் கோயில், திருகோணமலையில் கடல், பிறகு மூன்று நாள் மலையகம் என்று திட்டம் வகுக்கிறார்கள். வரட்டும், மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி பிழையானது. அதை இன்று சற்றுக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

இதே அன்பர்கள் சுவிஸ் மலைகளுக்குப் பனிச்சறுக்கப் போகும்போது எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊர் எத்தனை மீட்டர் உயரம், சரிவு வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா, எந்த மாதம் பனி நிலைக்கும் என்பதையெல்லாம் ஆராய்கிறார்கள். டாவோஸில் உள்ள ஆய்வு நிலையம் பனிச்சரிவு அபாயத்தை 5 படிகளாகப் பிரித்து அறிவிக்கிறது. அதைப் பார்க்காமல் தடம் விலகிச் சறுக்குவோரை அங்கே அறிவிலி என்பார்கள். 1999 பெப்ரவரியில் ஒஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தில் பனி சரிந்து உள்ளூராரும் உல்லாசப் பயணிகளுமாகப் பலரைக் கொன்றது. அதன்பின் அபாய வலய வரைபடங்களே திருத்தி வரையப்பட்டன. சுவிஸில் சிவப்பு வலயம் என்று குறிக்கப்பட்ட நிலத்தில் புதிய வீடு எழுப்ப முடியாது.

அதே மனிதர் கட்டுநாயக்காவில் இறங்கியதும் இந்த அறிவையெல்லாம் விமான நிலையத்திலேயே விட்டுவிடுகிறார். ஊவாவில் விடுதி தெரிவு செய்ய அவருக்கு ஒரு புகைப்படம் போதும்.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். ஊவா மத்திய மலைத்தொடரின் கிழக்கு முகத்தில் இருக்கிறது. ஹட்டனும் நுவரெலியாவும் தென்மேல் பருவமழையில் நனையும் மாதங்களில் பதுளையும் ஹாலிஎலவும் வறண்ட கச்சான் காற்றில் காய்கின்றன. ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் தந்த மணம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றின் கொடைதான். மாறாக ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் அடுத்தடுத்து இந்தச் சரிவுகளிலேயே கொட்டுகின்றன. ஐரோப்பிய நாட்காட்டியைப் பார்த்து வருகிற நம்மவர், மலை ஊறிப்போய் நிற்கும் மாதத்தைத் தேடிப் பிடித்து வருகிறார்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் போயின. புதைந்த பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் அபாயமானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. உயிர் தப்பியோருக்கு மாற்று வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. 1924இல் பதுளையை எட்டிய மலைப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. இந்த இரு பேரழிவுகளும் எந்த மாதங்களில் நடந்தன என்பதை மட்டும் கவனியுங்கள்.

இரண்டாவது, சரிவு. எல்ல ஏறத்தாழ 1,040 மீட்டர் உயரத்தில் உள்ள சிறு ஊர். இருபது ஆண்டுகளுக்குள் அங்கே மலைச்சரிவை வெட்டித் தூண் நிறுத்தி மாடிகள் எழும்பியிருக்கின்றன. மரத்தை அகற்றி, சரிவின் அடியை வெட்டி, மழைநீர் ஓடும் வழியை அடைத்தால் மண் என்ன செய்யும் என்று அறிய எவரும் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. "காட்சி தெரியும் அறை" என்று விளம்பரத்தில் வருவது எது? பள்ளத்தின் விளிம்பில் தொங்கும் அறைதான். ஆகவே விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி: இக்கட்டடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி உண்டா? உண்டென்றால் காட்டட்டும். அந்நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. டாவோஸ் அறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு இதைப் படிக்க முடியாதா?

மூன்றாவது, தண்ணீர். உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்த சுரங்கத்துள் 2014 இறுதியில் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் கடையடைத்து வீதியில் இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் 120 மெகாவாட் மின்நிலையம் விழா எடுத்துத் திறந்துவைக்கப்பட்டது. குடத்தோடு வரிசையில் நின்ற ஊர்களின் நடுவே நீச்சல் தடாகத்தை அளவுகோலாக வைத்து விடுதி தேடுவதை நான் இரசனை என்று ஏற்கமாட்டேன்.

நான்காவதுதான் நமக்குக் கசப்பானது. ஹப்புத்தளைப் பக்கம் பெரிய துரை பங்களாக்கள் பல இன்று சொகுசு விடுதிகள். 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,550 ரூபா, அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபா. இருபத்தைந்து நாள் தவறாமல் மலையேறினால் 43,750 ரூபா. அதற்கு மேல் ஓர் இரவுக்கே வாங்கும் பங்களாக்கள் இருக்கின்றன. பங்களா நிற்கும் மேட்டைத் துரை தேர்ந்தெடுத்தார். லயன் நிற்கும் பள்ளத்தைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் தலைமுறைகளாக வாழும் ஒரு குடும்பம் காணி கேட்டால், 7 பேர்ச்சுக்கு எத்தனை கையெழுத்து, எத்தனை ஆண்டுக் காத்திருப்பு! விடுதிக்கென்று கேட்டால் அதே மலையில் அந்தத் தயக்கம் எங்கே போகிறது?

"சுற்றுலாவும் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை எது?" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதமே. கொழுந்துக் கூடையை விட்டு வெளியேற விரும்பும் இளைஞனுக்கு விடுதி வேலை ஒரு வாசல்தான். நான் அதை அடைக்கச் சொல்லவில்லை. ஆனால் வாசலைத் திறப்பது உங்கள் பணம் என்றால், அது யாருக்குத் திறக்கிறது என்று பார்க்கும் கடமையும் உங்களுடையது. தோட்டத்துப் பிள்ளை அங்கே வரவேற்பு மேசையில் இருக்கிறாரா, கழிவறை கழுவ மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறாரா? காய்கறி வெலிமடை விவசாயியிடம் வாங்கப்படுகிறதா? ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா? கேளுங்கள். கேட்கும் வாடிக்கையாளருக்கு மட்டுமே முதலாளி பதில் வைத்திருப்பார்.

எங்கே தங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. முடிந்தால் ஜூன் முதல் செப்டெம்பருக்குள் வாருங்கள். விளிம்பை விட்டு பண்டாரவளை, பதுளை போன்ற பழைய நகரங்களில், உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் இடங்களில் தங்குங்கள். பாலத்தையும் லிப்டன் ஆசனத்தையும் பகலில் போய்ப் பார்த்துத் திரும்பலாம்; அவை எங்கும் ஓடிவிடா. டிசம்பரில்தான் விடுப்பு என்றால் எச்சரிக்கை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள், சிவப்பு என்றால் பயணத்தைக் கைவிடுங்கள்.

உங்களால் பயணத்தைக் கைவிட முடியும். அந்தச் சரிவின் கீழேயே அடுப்பு மூட்டுகிறவர்களால் முடியாது. எச்சரிக்கை வந்தால் அவர்கள் பாடசாலைக் கட்டடத்துக்குப் போகிறார்கள். மழை விட்டதும் அதே லயனுக்குத் திரும்புகிறார்கள். மலையகத்துக்கு வந்துபோகும் ஒவ்வொரு தமிழனும் திரும்பிப் போகுமுன் அந்த லயனின் பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். பாலத்தின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.