கேட்டால் சொல்வார்களா?



தஞ்சைத் தரணிக்கு நேர்ந்த தலைக்குனிவொன்றினை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2016ஆம் ஆண்டு மே திங்கள் 16ஆம் நாள் தமிழகம் முழுதும் சட்டமன்றத் தேர்தல் நடந்தேறியது. தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் மட்டும் வாக்குப்பெட்டி வரவில்லை. பணப்பட்டுவாடா எல்லை கடந்துவிட்டது என்று கூறி, தேர்தல் ஆணையம் முதலில் நாளைத் தள்ளிவைத்தது. பின்னர் மே 28இல் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 19ஆம் நாள்தான் அவ்விரு தொகுதி மக்களும் வாக்களித்தனர்.

அன்றுதொட்டு ஒரு பேச்சு ஓயவில்லை. "ஏழை விற்றான், நாடு கெட்டது!" மாற்றார் பேசுகின்றனர், நம்மவரும் பேசுகின்றனர். தோற்ற ஊரில் உரக்கப் பேசுகின்றனர், வென்ற ஊரில் வாய்மூடிக்கொள்கின்றனர்! நான் கேட்கிறேன்: எண்ணிப் பார்த்தவர் எவர்? எத்தனை பேர் வாங்கினர்? வாங்கியவர் யார்? நாற்று நடும் கூலியா, கடைவீதி வணிகரா, மாதச் சம்பளக்காரரா?

"வீடுவீடாகச் சென்று கேட்டுவிட்டால் போகிறது" என்பீர்கள். கேட்டால் சொல்வார்களா? கொடுப்பவர் மட்டுமன்று, வாங்குபவரும் குற்றவாளி என்பது சட்டம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் அவ்வாறு சொன்னது; 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் அமர்ந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையும் அதையே சொல்கிறது. ஓராண்டு வரை சிறை! முன்பின் அறியாத ஒருவன் கையில் தாளோடு வாசலில் வந்து நின்று, "அம்மா, பணம் வாங்கினீர்களா?" என்றால், எந்தத் தாய் "ஆம்" என்பாள்?

காவிரிப் படுகைக்கு இந்த மௌனம் புதிதன்று. 1952இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. ஆனால் குத்தகையோ பெரும்பாலும் வாய்மொழிக் குத்தகை, எழுத்தில்லை, சாட்சியில்லை. மிராசுதாரின் திண்ணையருகே நிறுத்தி, "இந்த நிலத்தை நீ குத்தகைக்கா உழுகிறாய்?" என்று கேட்டால், அடுத்த போகத்துக்கு ஏர் பூட்ட வேண்டியவன் என்ன விடை சொல்வான்? "நான் கூலியாள் ஐயா" என்பான். ஏட்டில் அதுவே ஏறும். கேட்பவரோடு யார் நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் விடை பிறக்கிறது.

இந்த அச்சத்தை நீக்கிக் கேட்க ஒரு வழி உண்டு. அதற்குப் பட்டியல் சோதனை என்று பெயர். 1991இல் அமெரிக்காவில் வெள்ளையரிடம் நிறவெறியை அளக்க முயன்றனர். "கறுப்பரை வெறுக்கிறாயா?" என்று கேட்டால், எவர் ஒப்புக்கொள்வார்? ஆகவே குலுக்கல் முறையில் மக்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம் மூன்று செய்திகளைப் படித்துக் காட்டினர்: பெட்ரோல் வரி உயர்வு, விளையாட்டு வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் ஊதியம், பெரிய ஆலைகள் சுற்றுப்புறத்தைக் கெடுத்தல். "இவற்றுள் எத்தனை உமக்குக் கோபமூட்டுகின்றன? எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சொல்லும்" என்றனர். மறு பிரிவினரிடம் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தனர்: "பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பர் குடும்பம் குடியேறுதல்". இரண்டு என்றோ மூன்று என்றோ சொல்பவர் எதை எண்ணினார் என்பதை எவரும் அறிய முடியாது. ஆனால் இரு பிரிவின் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, ஊர் மறைத்ததைச் சொல்லிவிடும்! தென் மாநில வெள்ளையருள் நூற்றுக்கு 42 பேர் அந்த நான்காவதற்குக் கோபப்பட்டனர் என்று கணக்கு காட்டிற்று.

வாக்குக்குப் பரிசு தரும் வழக்கத்தையும் இவ்வாறே அளந்திருக்கின்றனர். நிகராகுவா நாட்டில் 2008இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், நேராகக் கேட்டபோது நூற்றுக்கு மூவர்கூட ஒப்பவில்லை. பட்டியல் வழியே கேட்டபோது ஏறத்தாழ நால்வருள் ஒருவர்!

ஆயினும் நமக்கு வேண்டியது தொகை மட்டுமன்று. யார் என்பதே நம் வழக்கு. இங்குதான் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு தேவைப்படுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் அதை ரெக்ரஷன் என்பர். கூலிக்காரர் அதிகம் வாங்கினர் என்று மேலோட்டமான கணக்கு சொல்லக்கூடும். ஆனால் ஒரே இரவில் பணத்தைப் பிரித்து முடிக்க வேண்டியவன் எங்கே செல்வான்? வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவுக்குத்தானே? அத்தெருவில் குடியிருப்பவர் கூலிகளாயின், நிலமின்மை காரணமா, தெருவின் நெருக்கம் காரணமா? நிலம், கல்வி, வயது, தெரு ஆகிய யாவற்றையும் ஒரே சமன்பாட்டில் வைத்து, மற்றவை ஒத்திருக்கையில் ஒவ்வொன்றும் எவ்வளவு மாற்றுகிறது என்று பார்த்தாலன்றி இம்முடிச்சு அவிழாது. விடையோ வெறும் எண்ணிக்கை. அதற்குள் ஒளிந்திருக்கும் ஒன்றை எப்படிப் பிரிப்பது? 2011இல் கொசுகே இமாய் என்னும் புள்ளியியல் அறிஞர் அதற்கான முறையை வகுத்தளித்தார். இன்ன நிலையில் உள்ளவர் சாதாரணச் செய்திகளில் எத்தனையை எண்ணுவார் என்பதைச் சிறிய பட்டியல் பெற்ற பிரிவு கற்றுத் தருகிறது. அதை வைத்து, பெரிய பட்டியல் பெற்றோரின் எண்ணிக்கையில் மறைபொருளின் பங்கு இவ்வளவு இருக்கும் என்று கணிக்கின்றனர். வாங்கும் வாய்ப்பு எத்தகையோரிடம் மிகுதி என்று தெரியும். மாரியம்மாள் வாங்கினாளா என்பது தெரியாது, தெரியவும் கூடாது.

குறையில்லாத முறை என்று சொல்லமாட்டேன். பட்டியலில் உள்ள அனைத்தும் ஒருவருக்குப் பொருந்திவிட்டால், அவர் சொல்லும் எண்ணே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எல்லாம் ஒருசேரப் பொருந்தாத செய்திகளாகப் பார்த்துத் தொகுக்க வேண்டும். நேர்க்கேள்வியைவிட மிகப் பலரைக் கேட்டாக வேண்டும். சில நூறு பேரைக் கேட்டுவிட்டுத் தெருத்தெருவாக முடிவு சொல்வது ஆய்வன்று, ஆரூடம்!

தஞ்சையிலும் குடந்தையிலும் மன்னையிலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கணக்குப் பயின்ற பிள்ளைகளுக்கும் குறைவில்லை. அவர்கள் இப்பணியை மேற்கொள்ள வேண்டும். நாம் வென்ற தெருக்களையும் எண்ண வேண்டும். அங்கே வரும் விடை நமக்குக் கசந்தாலும், நம் ஏடு அதை அச்சிட வேண்டும்.

தோழர்களே, அவர்கள் தாள்களோடு உங்கள் ஊருக்கு வரும்போது, நடவு முடித்துப் பெண்கள் வீடு திரும்பும் வேளையைச் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பின்னர் அந்தத் தெருவைவிட்டு விலகிச் செல்லுங்கள். கிளைச் செயலாளர் வாசலில் நிற்கும் வீட்டில், திண்ணையில் மிராசுதார் இருந்த காலத்து விடைதான் கிடைக்கும்.