பரணில் யார் படுப்பது?

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் மாடியில் குடியிருப்பவர் சமணத் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபர். வர்த்தமானர் கோயிலுக்குப் பக்கத்திலேயே, பல்லவர் காலத்துச் சின்னக் கோயில். கீழ்த்தளத்தை அடைத்துத் திடமாக்கிவிட்டு, கருவறையை மேலே வைத்திருக்கிறார்கள். 1387-88இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதான ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்கள், இங்கேயும் படியேறிப் பார்த்துவிட்டுப் போகலாம். மேலே குடி வைக்கும் முன் கீழே எவ்வளவு பலம் வேண்டும் என்று அந்தக் கட்டடம் கற்றுத்தரும்.

இந்த வாரம் இதை எழுதக் காரணம் ஒரு நெசவாளர். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "கூடத்துல தறி நிக்குது. புதுப்பொண்ணை எங்க சார் படுக்க வைக்கிறது? பரணை ரூமா மாத்திடலாம்னு பாக்குறேன்" என்றார். பட்டு நெசவு நடக்கும் ஓட்டு வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விதான் இது. நல்ல இடமெல்லாம் தறிக்கு. குழி வேண்டும், வெளிச்சம் வேண்டும், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார உயரம் வேண்டும். அதனால் கூடத்துக்கு மேலே பரண் போட வழியில்லை. சமையலறைக்கோ பின்கட்டுக்கோ மேலேதான் போடுவார்கள். அங்கே அண்டா, கொலு பொம்மை, பழைய அச்சு, உடைந்த ராட்டை எல்லாம் கிடக்கும்.

பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். ஜக்கார்டு என்ற மனிதர் பிறந்த ஊரே அதுதான். அவர் பெயரில் வந்த பொறி 1804இல் உருவானது. அதை நிறுத்துவதற்காகவே க்ருவா ரூஸ் குன்றில் ஏறக்குறைய நாலு மீட்டர் உயரக் கூடங்கள் கட்டினார்கள். தறிக்குப் போக மிச்சமிருந்த மூலையில் மரத்தட்டு அடித்து, குடும்பம் அதன்மேல் படுத்தது. அதே வீடுகளை இன்று வசதியானவர்கள் ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். தறி போன பிறகு பரண் அழகாகிவிட்டது. நம் ஊரில் தறி இன்னும் ஓடுகிறது, அதனால் கணக்கு வேறு.

முதலில் உயரம். மனிதர் வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. சாய்ந்த கூரையானால் சராசரி உயரம் அவ்வளவு வர வேண்டும். முகட்டில் எட்டடியும் ஓரத்தில் மூன்றடியும் இருக்கும் பரணில் சராசரி ஐந்தரை அடிதான். நடுவில் மட்டும் நிமிரலாம். தாழ்ந்த பக்கம் படுக்கை, நடுவில் நடை என்று சமாளிக்கலாம். படுக்க ஒரு மூலை கிடைக்கும், அறை கிடைக்காது.

அடுத்து எடை. வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும். அண்டாவுக்காகப் போட்ட பனைவாரையும் பலகையும் அதைத் தாங்குமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாரையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில்தான் கரையான் ஏறும். அங்கே குத்திப் பார்க்கத் தெரிந்த ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு வெயில். சூடான ஓடு ராத்திரியிலும் கீழே வெப்பத்தை இறக்கும். ஓட்டுக்கு அடியில் ஒட்டினாற்போல் ஜிப்சம் பலகை அடித்து மூடினால் பரண் இட்லிப் பானைதான். நாலு விரற்கடை இடைவெளி விட்டு, பளபளக்கும் அலுமினியத் தாளை அந்த இடைவெளியைப் பார்க்க வைத்து, கீழ் ஓரத்திலும் முகட்டிலும் திறப்பு விட வேண்டும். சூடான காற்று தானாக மேலே போய்விடும். ஓட்டுக்கு வெளியே வெள்ளைப் பூச்சு அடித்தால் இன்னும் குறையும். எதிரெதிரே இரண்டு சன்னல் வேண்டும், குரங்கு நுழையாதபடி கம்பி வலையோடு. வெளிச்சத்துக்கு ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு போதும். ஆசைப்பட்டு ஐந்தாறு வைத்தால் மதியம் அங்கே உட்கார முடியாது. தெர்மோகோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடித்தால் கீழே பாவும் பட்டும் இருக்கிறது.

ஏணியை விட்டுவிட்டு ஒழுங்கான படிக்கட்டு வையுங்கள். குழித்தறியில் காலம் முழுக்கக் கால் மிதித்தவரின் முழங்கால், நடுராத்திரி ஏணியில் இறங்காது. வயதானவர்களை மேலே அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைக் கீழே படுக்க வைக்கும் வீடுகள் உண்டு. அது எனக்குச் சம்மதமில்லை.

அந்த நெசவாளரிடம் நான் சொன்னது இதுதான்: பரணில் சாமான் இருக்கட்டும், பின்கட்டில் ஒரு சுவர் எழுப்பிப் பையனுக்கு அறை கொடுங்கள், செலவும் அதிகம் வித்தியாசப்படாது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பரணேதான் வேண்டும் என்று நீங்களும் நினைத்தால், கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மே மாத மதியம் இரண்டு மணிக்கு மேலே ஏறி அரைமணி நேரம் படுத்துப் பாருங்கள்.