வாளையாரில் இரண்டு பாஸ் எதற்கு? மாநில எல்லையில் யார் சொல்வது சட்டம்?

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் போதும், கோவையில் பலரும் கேட்பது, "வாளையாரை மூடிடுவாங்களா?" என்றுதான். 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது எல்லையில் காய்ச்சல் பரிசோதனையோடு முடிந்தது. ஆனாலும் 2020 யாருக்கும் மறக்கவில்லை.

அந்த ஆண்டு மே மாதம், தமிழ்நாட்டிலிருந்து கிளம்ப இங்குள்ள இ-பாஸ் வேண்டும். கேரளத்துக்குள் நுழைய அந்த அரசின் பாஸ் வேண்டும். சென்னை போன்ற சிவப்பு மண்டலங்களிலிருந்து வருவோருக்குப் புதிய பாஸ் தருவதைக் கேரளம் நிறுத்திவைத்தது. கையில் ஒரே ஒரு பாஸோடு வந்தவர்கள் மே 9 அன்று வாளையாரில் நடுரோட்டில் சிக்கினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றே கேரள உயர் நீதிமன்றம் கூடி, சிக்கியவர்களை உள்ளே விடச் சொன்னது. சில நாட்களில், அந்த வழியாகச் சென்ற ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அங்கே இருந்த போலீஸார், செய்தியாளர்கள் மட்டுமல்ல, பார்க்கப் போன 3 எம்.பி.க்களும் 2 எம்.எல்.ஏ.க்களும்கூடத் தனிமையில் இருக்க வேண்டியதாயிற்று. தொற்றைத் தடுக்க நிறுத்திய இடத்திலேயே கூட்டம் சேர்ந்ததுதான் கொடுமை.

சரி, இந்த அதிகாரம் உண்மையில் யாருடையது? அரசமைப்புச் சட்டத்தின் 7-வது அட்டவணை, மத்தியப் பட்டியல், 81-வது இனத்தைப் பாருங்கள். மாநிலங்களுக்கு இடையிலான தனிமைப்படுத்தல் ஒன்றிய அரசின் பொறுப்பு என்று இருக்கிறது. ஆனால் களத்தில் மாநிலங்கள் கையில் எடுத்தது 1897-ம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை. பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம் அது. (பிளேக் கோவையையும் விடவில்லை, ஊருக்குள் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்களே சாட்சி.) மாநிலங்களுக்கு இடையிலான பயணத்துக்குத் தனி அனுமதி கேட்கக் கூடாது என்று 2020 ஆகஸ்ட் 22-ல் மத்திய உள்துறை கடிதம் எழுதியும், வெளிமாநிலத்திலிருந்து வருவோருக்குத் தமிழ்நாட்டில் இ-பாஸ் தொடர்ந்தது.

2021 ஆகஸ்ட் 5 முதல் இன்னொரு விதி. கேரளத்திலிருந்து வர 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் சான்று, இல்லையென்றால் இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்று. அங்கே தினமும் 20 ஆயிரம் பேருக்குத் தொற்று, இங்கே 2 ஆயிரத்தை ஒட்டி. அதனால் கெடுபிடி நியாயம்தான். இடித்தது வேறு இடத்தில். 18 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியதே அந்த மே மாதம். கோவிஷீல்டு இரண்டு டோஸுக்கு நடுவே 84 நாள் இடைவெளி. ஜூனில் முதல் ஊசி போட்ட பாலக்காட்டு இளைஞருக்கு ஆகஸ்ட் 5-க்குள் இரண்டாவது கிடைக்க வழியே இல்லை. கோவைக்குத் தினமும் வேலைக்கு வருபவர் என்றால் வாரம் இரண்டு, மூன்று முறை மூக்கில் குச்சி!

அடுத்த தொற்றுக்குக் காத்திருக்காமல், கோவை, பாலக்காடு கலெக்டர்கள் இப்போதே உட்கார்ந்து பேசலாம்: இரு பக்கமும் செல்லும் ஒரே பாஸ், தினமும் வந்து போவோருக்குத் தனி விதி, நிறுத்தப்படுவோர் தங்க இடம். அதற்கு ஒப்புதல் தர வேண்டிய டெல்லி, 81-வது இனத்தை எடுத்துப் படித்தால் போதும்.