வந்து வாழ்ந்தவர்களின் பள்ளத்தாக்கு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் பல தலைமுறைகளாக உழுது வாழ்கின்றன. அவர்களில் பலருக்கு அந்த மொழிகளின் எழுத்து தெரியாது. பேச்சு மட்டும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. மொழியைப் போலவே மதமும் இங்கே தடையல்ல. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்து முன்னேறியிருக்கிறார்கள். நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வேண்டிய செய்தி இது.

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகும் தொழிலாளர்களும் இந்த வரலாற்றில் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை இரு மாநிலங்களுக்கிடையே முற்றியபோது பலர் குடும்பத்தோடு மலையிறங்கி ஓடிவந்தார்கள். ஆனாலும் சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு இரு மாநில மக்களும் சேர்ந்தே ஏறுகிறார்கள். வழக்குகளால் அறுக்க முடியாத உறவு அது.

குடியேறி வந்த கதைகளை அறிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். மாவட்ட நிர்வாகமும் கல்லூரிகளும் இணைந்து அவர்கள் குரலை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். குலதெய்வக் கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்களில் உள்ள பழைய பதிவேடுகளைப் படமெடுத்துக் காக்க வேண்டும். வரலாற்றுத் துறை மாணவர்களைக் கொண்டு, வரும் கோடை விடுமுறையிலேயே இதைத் தொடங்கலாம்.