சக்கரம் சுழன்றால் செய்தி யாருக்கு?

கணிப்பொறியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் எழுத்துத் திரைக்கு முனையம் என்று பெயர். ஒரே முனையத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலையை நடத்த உதவும் நிரல் டீமக்ஸ். 2007-ஆம் ஆண்டு வெளிவந்த இந்நிரலில், நாமாக இயக்கும் வரை மவுஸ் வசதி அணைந்தே இருக்கும். அதை இயக்குவதா, வேண்டாமா? மாணவர்கள் இயக்கியே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கைக்கு எளிது என்பது மட்டுமே இதற்குக் காரணமன்று.

மேலே சென்று மறைந்த வரிகளைக் காண எண்ணி மவுஸின் சக்கரத்தைச் சுழற்றுகிறீர்கள். அந்த வரிகள் வருவதில்லை. நீங்கள் முன்பு கொடுத்த கட்டளைகள் ஒவ்வொன்றாகக் கட்டளை வரியில் வந்து நிற்கின்றன! இது ஏன்?

இன்றைய முனைய நிரல்கள் 1978-இல் வந்த விடி-100 என்னும் கருவியின் மொழியை அடிப்படையாகக் கொண்டவை. அக்கருவியில் மவுஸ் கிடையாது. எனவே, முழுத்திரையையும் எடுத்துக்கொண்ட ஒரு நிரல் மவுஸ் செய்தியைக் கேட்காதபோது, பல முனைய நிரல்கள் சக்கரத்தின் சுழற்சியை அம்புக்குறி விசைகளாக மாற்றி அனுப்பிவிடுகின்றன. கட்டளை வரியிலோ மேல் அம்புக்கு 'முந்தைய கட்டளையைக் கொண்டு வா' என்று பொருள். அந்த அம்பு விரலிலிருந்து வந்ததா, சக்கரத்திலிருந்து வந்ததா என்று அறிய வழியே இல்லை. கவனமின்றி என்டர் விசையைத் தட்டினால், நேற்றுக் கோப்புகளை அழிக்கக் கொடுத்த கட்டளை இன்று மீண்டும் நிறைவேறிவிடலாம் அல்லவா?

மவுஸ் வசதியை இயக்கிவிட்டால் டீமக்ஸ் அச்செய்தியை உள்ளபடியே கேட்டுப் பெறுகிறது. சக்கரம் மேல்நோக்கிச் சுழன்றால் 64, கீழ்நோக்கிச் சுழன்றால் 65 என்ற எண் வரும். மவுஸ் நிற்கும் இடத்தின் நெடுவரிசை, கிடைவரிசை எண்களும் உடன் வரும். இவற்றால் எந்தக் கட்டம் என்பது தெரிந்துவிடுகிறது. அங்குள்ள நிரல் மவுஸைக் கேட்டிருந்தால் செய்தி அதனிடம் போகும். வெறும் கட்டளை வரியாயின், டீமக்ஸ் தான் சேமித்துள்ள பழைய வரிகளைக் காட்டும். நாம் மாற்றாதவரை, கட்டம் ஒன்றுக்கு 2000 வரிகள் சேமிக்கப்படும்.

"விசைப்பலகையே போதுமே! கண்ட்ரோல்-பி தட்டி, அடுத்து இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் பழைய வரிகளைக் காணலாமே" என்பர் பழகியவர்கள். உண்மைதான், அதையும் கற்றுக்கொள்ளுங்கள். மவுஸால் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் டீமக்ஸின் பொறுப்பாகிவிடும் என்பதும் உண்மையே. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டால் பல முனையங்களில் பழைய முறை கிடைக்கும். பிழையான கட்டளை நிறைவேறும் ஆபத்துடன் ஒப்பிட்டால் இவை சிறு தொல்லைகளே.

சோதனைச்சாலையில் பத்து அளவீடுகளையும் குறிக்காமல் சராசரியை மட்டும் எழுதி வைத்தால், தனித்தனி அளவுகளைப் பின்னர் மீட்க முடியாது. சக்கரத்தை அம்பாக மாற்றுவதும் அத்தகையதே. மாற்றத்தில் தொலைந்த செய்தியை எத்தனை திறமையான நிரலாலும் மீட்க இயலாது. ஆகவே மாணவர்களே, ஒரு கருவி எதிர்பாராதபடி நடந்துகொண்டால், உங்கள் செய்தி யார் யார் கை மாறி, எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள்.