ஸ்டிரைக்னா வெறும் ‘அடி’ மட்டும்தானா?



நம்ம எல்லார் இங்கிலீஷ் நோட்டுலயும் நடுவுல ஒரு கோடு இருக்கும். இந்தப் பக்கம் வினைச்சொல், அந்தப் பக்கம் தமிழ்ப் பொருள். ‘ஸ்டிரைக் – அடி’. அவ்வளவுதான். கூடவே ஸ்டிரைக், ஸ்ட்ரக், ஸ்ட்ரக் என்று மூன்று வடிவமும் மனப்பாடம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கோடு போடும் இந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஏன்னு கேட்டா, ஒரு உதாரணம் சொல்றேன். 1921-இல் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் பல மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதை இங்கிலீஷில் ‘தி ஒர்க்கர்ஸ் ஸ்ட்ரக்’ என்று எழுதலாம். நம்ம நோட்டுப்படி இதுக்கு என்ன அர்த்தம்? ‘தொழிலாளர்கள் அடித்தார்கள்’! ஆனால் நடந்தது என்ன? அந்தப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் தொழிலாளர்கள்தான் செத்துப் போனார்கள். கையைக் கட்டி வேலையை நிறுத்தினவங்களை அடிதடிக்காரங்களா மாத்திடுது நம்ம நோட்டுல இருக்கிற ஒத்தை வார்த்தை. பெரம்பூரில் 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய ஊர்ப்பக்கம் இது. நம்மில் பல பேர் தாத்தா மில்லிலோ, ஹார்பரிலோ வேலை பார்த்தவர்கள். நாமே அவங்க கதையைத் தப்பாப் படிக்கலாமா?

சரி, ‘அடி’ எப்படி ‘வேலையை நிறுத்து’ ஆச்சு? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கப்பல் பாயைக் கீழே இறக்குவதற்கும் இங்கிலீஷில் ஸ்டிரைக் என்றுதான் பெயர். 1768-இல் லண்டனில் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டார்கள். கப்பல் கிளம்பாதபடி பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இறங்கினால் கப்பல் எங்கே போகும்? அதிலிருந்துதான் வேலையை நிறுத்துவதற்கே ஸ்டிரைக் என்ற பெயர் வந்தது. ஆக, இது துறைமுகத்துல பொறந்த வார்த்தை. துறைமுகத்துப் பிள்ளைகளான நமக்கு இதை யாராவது சொல்லித் தந்தாங்களா? (ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

இன்னும் பாருங்க. தீக்குச்சியை உரசுவதும் ஸ்டிரைக்தான். திருவொற்றியூரில் விம்கோ நகர் என்ற பெயரே விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையால் வந்தது. 2021-இல் மெட்ரோ ரயில் வந்தபோது ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். தீக்குச்சியை யாராவது அடிப்பாங்களா? மருந்து இருக்கிற தலையைப் பெட்டியோட பக்கவாட்டில் இழுத்து உரசுவோம், அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். பழைய இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்குத் தடவு, உரசு என்ற பொருள்தான் இருந்ததாம். அடி அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது.

கேரம் போர்டை விடலாமா? ஸ்டிரைக்கர் இல்லாத தெரு வடசென்னையில் உண்டா! அதை நாம அடிக்கிறது இல்ல, விரலால் சுண்டுறோம். 2024-இல் அமெரிக்காவில் உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கிய நம்ம பக்கத்து காசிமாவும் சுண்டித்தான் ஜெயித்தார். ‘அடி’ன்னு நினைச்சு ஓங்கிக் குத்தியிருந்தா காயெல்லாம் போர்டுக்கு வெளியிலதான் கிடந்திருக்கும்.

கடிகாரம் ஸ்டிரைக் செய்தால் மணி அடிக்கிறது. யோசனை ஸ்டிரைக் செய்தால் பளிச்சென்று தோன்றுகிறது. காசிமேட்டில் மீன் விலை பேசி முடித்தால் பேரம் படிந்தது என்போமே, அதற்கும் இதே சொல் வரும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பலின் குண்டுகள் துறைமுகத்து எண்ணெய் டேங்குகள் மேல் விழுந்தன. அதுவும் ஸ்ட்ரக்தான்.

‘இவ்வளவு பொருளை எவன் ஞாபகம் வச்சுக்கறது?’ன்னு கேட்பீங்க. நான் திருப்பிக் கேட்கிறேன். தமிழ்ல நாம அடிக்காததா? வெயில் அடிக்குது, பெயிண்ட் அடிக்கிறாங்க, போன் அடிக்குது, மொட்டை அடிக்கிறாங்க, பரீட்சையில சிலர் காப்பி அடிக்கிறாங்க (பெயர் சொல்ல மாட்டேன்). இதை எல்லாம் நோட்டில் கோடு போட்டா படிச்சோம்? எது கூட எது வரும்னு காதுல கேட்டே தெரிஞ்சுக்கிட்டோம். வெயிலோடு வரும் அடி வேறு, மொட்டையோடு வரும் அடி வேறு. இங்கிலீஷ் வினைச்சொல்லையும் அதே மாதிரி, தனியாக இல்லாமல், அதனோடு சேர்ந்து வரும் சொல்லோடு எழுதி வைத்தால் என்ன? தீக்குச்சியோடு ஒரு வரி, கடிகாரத்தோடு ஒரு வரி, தொழிலாளியோடு ஒரு வரி.

பரீட்சைக்கு ஒரு பொருள் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. பாடத்தில் படித்த வாக்கியமே வந்தால் தப்பித்துக்கொள்ளலாம். படிக்காத பத்தி வந்தால் அந்த ஒத்தைப் பொருள் காலை வாரிவிடும். அதைவிட, ‘ஸ்டிரைக் பண்றாங்க’, ‘அட்ஜஸ்ட் பண்ணு’, ‘கட் பண்ணு’ என்று நாம் பேசும்போது அந்தச் சொல்லின் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தொலைத்துவிடுகிறோம். நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்கார்ந்த பிறகு அதைத் தேடினால் கிடைக்காது.

கீழே பாதித் தாள் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த வினைச்சொல் ‘ரன்’. ஓடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். தண்ணீர் லாரி, மெஷின், கடை, மூக்கு என்று எதனோடு சேர்த்து வருகிறதோ அதோடு ஒரு வரி எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் நல்லது. தப்பு இருந்தால் இங்கிலீஷ் மிஸ் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

– பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்